அம்மிக்கல்லின் பூர்வீகம்: மலையகத்தில் ஆறு நாள்

நாள் 1

கொழும்புக் கோட்டையில் காலை ரயில் ஏறி, மதியம் தாண்டித் தலவாக்கலையில் இறங்கினேன். மூன்று வருடத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருகிறேன். நாவலப்பிட்டி கழிந்ததும் ரயில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வட்டவளையில் வழக்கம்போல மழை. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் ஊளையிட்டார்கள். நாங்களும் அந்த வயதில் அப்படித்தான் கத்துவோம். அரை கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலான இருட்டு, அவ்வளவுதான். நான் ஆய்வு செய்யும் கர்நாடகத்துக் கோலாரில், சம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீற்றருக்கும் அதிக ஆழம் போனது. அந்த எண்ணை எத்தனை தடவை எழுதியிருந்தாலும், சிங்கமலை இருட்டுக்குள் உட்கார்ந்து நினைத்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

பையில் துணிமணியைவிடக் கனமாக ஒன்று இருந்தது. துவாயில் சுற்றிய, உள்ளங்கை அகலமான கறுப்புக் கல். கோலார் தங்கவயல் பக்கத்தில் எடுத்தது. நான் படிப்பது அங்கே நீளமாக ஓடும் பழைய பாறைப் பட்டையின் புவிவேதியியல், அதாவது அதன் எரிமலைப் பாறைகளில் எந்த மூலகம் எவ்வளவு இருக்கிறது என்பது. ஊரில் கேட்பவர்களிடம் அம்மா, “தங்கத்தப் பத்திப் படிக்குது” என்று சொல்லி வைத்திருக்கிறார். தங்கத்தைச் சுமந்த கல்லைப் பற்றித்தான் படிக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல என்பதை இந்த ஆறு நாளில் அவருக்குப் புரிய வைத்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை.

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் முதல் தடவை இறங்கிய அன்று எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எதிரே வரிசையாக லைன் வீடுகள். தகரக் கூரை, ஒட்டிய சுவர், வாசலில் தண்ணீர்க் குடம். வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்துச் சனம் சுரங்கத்துக்கு அங்கே போனது. திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துச் சனம் தோட்டத்துக்கு இங்கே வந்தது. அங்கே 1880 இல் ஜோன் டெய்லர் கம்பனி தொடங்கிய வேலை 2001 பெப்ரவரி 28 உடன் நின்றுபோனது. சயனைட் கழிவு மேடுகள் மட்டும் சாம்பல் நிறக் குன்றுகளாக இன்னும் நிற்கின்றன.

தம்பி ஓட்டோவோடு காத்திருந்தான். பையைத் தூக்கியவன், “அக்கா, என்ன இது, கல்லா?” என்றான். ஆமாம், கல்தான்.

நாள் 2

காலையில் எழுந்தபோது அம்மா அம்மிக்கு முன்னால். ரொட்டிக்குக் கட்டச் சம்பல். செத்தல் மிளகாயும் உப்பும் முதலில், அப்புறம் வெங்காயம். அரைத்து வழித்து முடித்ததும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி அம்மியைக் கழுவினார். வாசல் வெயில் அந்த ஈரத்தில் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன்.

பிறந்ததிலிருந்து இந்த அம்மி வீட்டில் இருக்கிறது. அதைக் கல்லாக ஒருநாளும் நான் பார்த்ததில்லை. ஈரத்தில் அது நல்ல கறுப்பு. கறுப்புக்குள் சிவப்புப் புள்ளிகள்: சில கடுகளவு, சில மிளகளவு. ஒவ்வொரு சிவப்பைச் சுற்றியும் நூல் மாதிரி ஒரு வெள்ளை வளையம். பையிலிருந்து வில்லையை எடுத்து, குப்புறப் படுத்து, கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தேன். சிவப்பு, கார்னெட் என்ற கனிமம். கறுப்பில் பெரும்பகுதி பைரொக்சீன், நடுநடுவே பளபளக்கும் ஹோர்ன்பிளெண்ட், இரண்டும் கருங்கனிமங்கள். வெள்ளை வளையம் பெல்ட்ஸ்பார் என்ற வெளிர் கனிமம், அதற்குள்ளும் மிக நுண்ணிய கறுப்பு இழைகள்.

அம்மா மேலே நின்றபடி, “மொளகா வெதன்னு நெனச்சு எத்தன நாள் அதச் சொரண்டியிருக்கேன் தெரியுமா” என்றார்.

அந்த வெள்ளை வளையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார்னெட் அழுத்தத்தை விரும்பும் கனிமம். பூமிக்குள் இருபத்தைந்து, முப்பது கிலோமீற்றர் ஆழத்தில், 800 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுகமாக இருக்கும். அந்தப் பாறை சூடு ஆறுவதற்குள் மேலே தூக்கப்பட்டால், அழுத்தம் குறையக் குறைய கார்னெட் ஓரத்திலிருந்து சிதைந்து பெல்ட்ஸ்பாரும் பைரொக்சீனுமாக மாறும். மாறி முடிவதற்குள் சூடு தணிந்துவிட்டால் பாதி மாற்றம் அப்படியே உறைந்து நின்றுவிடும். ஆக, அந்த வளையம் ஒரு பயணத்தின் தடம். ஏறக்குறைய 55 முதல் 60 கோடி வருடங்களுக்கு முன், கோண்ட்வானாக் கண்டத்தின் துண்டுகள் மோதி ஒட்டிய காலத்தில் இந்த மலைநாட்டுப் பாறைகள் எல்லாம் அவ்வளவு ஆழத்தில் வெந்தன. எங்கள் வீட்டுச் சம்பல் அதன்மேல்தான் அரைபடுகிறது.

கோலார்க் கல்லை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அதுவும் கறுப்பு, கொஞ்சம் பச்சை கலந்தது. ஊசி ஊசியாக ஹோர்ன்பிளெண்ட் ஒரே திசையில் படுத்து மினுங்கும். ஆம்பிபோலைட் என்போம். 270 கோடி வருடங்களுக்கு முன் கடலடியில் கக்கிய எரிமலைக் குழம்பு அது. கோலார்ப் பக்கத்துப் பெத்தபள்ளியில் அந்தக் குழம்பு தலையணை தலையணையாகத் தண்ணீருக்குள் உறைந்த வடிவம் இன்றும் தெரிகிறது. தேசிய புவியியல் சின்னமாக அதைப் பாதுகாக்கிறார்கள்.

அம்மா இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். “ரெண்டும் கறுப்பு, ரெண்டும் கனம். ரெண்டும் ஒரே கல்லுதானே?”

அம்மா கேட்டதுதான் என் ஆய்வின் கேள்வி. நான் அதைக் கேட்கக் கற்றுக்கொள்ள நான்கு வருடப் பட்டப்படிப்பு ஆனது.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். தோட்டத்தில் கான் வெட்டு, கல் உடைப்பு என்று முப்பது வருடம் சம்மட்டி பிடித்தவர். இந்த அம்மியை அடித்தவரும் அவரே. எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். “அஞ்சாம் நம்பர் மலைக்குக் கீழ ஓடையில கறுப்பு வரி ஒண்ணு ஓடும். மத்த கல்லுல அம்மி அடிச்சா மணல் உதிரும். அது உதிராது. ஆனா உளிய தின்னுரும்” என்றார். அம்மியை உடைத்துச் சோதிக்க முடியாது. அந்த வரியைத் தேடித்தான் போக வேண்டும்.

நாள் 3

காலை ஏழரைக்கே மலை ஏறினோம், தம்பியும் நானும். இங்கே ஒவ்வொரு தேயிலைப் பரப்புக்கும் ‘மலை’ என்றுதான் பெயர். இன்றைக்கு எந்த மலை என்று கேட்டால் எந்தப் பகுதியில் கொழுந்து என்று அர்த்தம். ஐந்தாம் நம்பரில் கவ்வாத்து வெட்டியிருந்ததால் செடிகள் மொட்டையாக நின்றன. தரை நன்றாகத் தெரிந்தது, எங்களுக்கு அது அதிர்ஷ்டம்.

செடிகளுக்கு நடுவே பெரிய பெரிய உருண்டைக் கற்கள். யாரோ உருட்டிக் கொண்டுவந்து வைத்தது போல இருக்கும். யாரும் உருட்டவில்லை. பாறையின் வெடிப்புகள் வழியே தண்ணீர் இறங்கி மூலைகளை முதலில் தின்னும். மூலை போனால் உருண்டை. அதன்மேல் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகச் செம்மண் உரியும். நடுவில் மிஞ்சும் உயிர்ப்பாறைதான் நாம் பார்ப்பது. தம்பி ஒன்றைச் சம்மட்டியால் தட்ட, மணி மாதிரி கணீரென்றது. உடைந்த முகம் கரும்பச்சை, எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம். சார்னோக்கைட்.

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டுக் கதை உண்டு. கல்கத்தாவில் ஜோப் சார்னோக் என்பவரின் கல்லறைக்கல் இந்தப் பாறை. டி. எச். ஹொலண்ட் என்ற புவியியலாளர் சென்னைப் பக்கம் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இதே பாறையை ஆராய்ந்து, 1893 இல் அந்தக் கல்லறைக்காரர் பெயரையே இதற்கு வைத்தார். விமானத்துக்குக் காத்திருந்தபோது கண்ணாடிக்கு அப்பால் பார்த்த குன்றும், எங்கள் தேயிலைக்கு நடுவே கிடக்கும் உருண்டையும் ஒரே வகைப் பாறை. இதைச் சொன்னதும் தம்பி அந்தக் கல்லின்மேல் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

இந்த மலைகளில் கல்லைத் தேடி முறையாக நடந்தவர்களில் ஆனந்த குமாரசுவாமியும் ஒருவர். பாடசாலையில் அவரைக் கலை அறிஞர் என்று மட்டும் படித்தோம். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுக்கு முதல் பணிப்பாளராக இருந்தவர் அவர். தோரியனைட் என்ற கனிமம் இலங்கைச் சரளையிலிருந்து உலகுக்குத் தெரியவந்ததும் அந்தக் காலத்தில், 1904 இல்தான். தமிழில் புவியியல் எழுத வருகிற பிள்ளைகளுக்கு இதை முதல் பக்கத்திலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கறுப்பு வரி கிடைக்கவில்லை. மதியத்துக்குள் மூடுபனி இறங்கியது. ஓடையில் தண்ணீர் கூடுதல். அட்டை கடித்த காலோடு திரும்பினோம்.

நாள் 4

நாள் முழுக்க மழை. வெளியே போக வழியில்லை. பக்கத்து லயத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் எங்கள் இஸ்தோப்புக்கு வந்துவிட்டார்கள், “பொன் கல்லு” பார்க்க. அவர்களில் ஒரு சின்னப் பெண் சட்டைப் பையிலிருந்து எதையோ பத்திரமாக எடுத்து என் கையில் வைத்தாள். தங்க நிறச் செதில்கள். “அக்கா, இது பொன்னுதானே?”

காக்காப்பொன். கறுப்பு மைக்கா வெயிலிலும் மழையிலும் சிதையும்போது இரும்பு துருவேறி, இடையில் நீர் புகுந்து, இப்படிப் பொன்னிறமாகும். நகத்தால் கீறிக் காட்டினேன், ஏடு ஏடாக உரிந்தது. பொன் உரியாது, நசுங்கும். அவள் முகம் வாடியது. ஆனால் ஏட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொன்னதும் மறுபடி மலர்ந்துவிட்டது.

அடுத்த கேள்வி தவிர்க்க முடியாதது. கோலாரில் தங்கம் இருந்தது, எங்கள் மலையில் ஏன் இல்லை? பிள்ளைகளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், இதுதான் நான் மனசார எழுத நினைத்த விஷயம்.

சாதாரண எரிமலைப் பாறையிலும் தங்கம் உண்டு. ஒரு டன் கல்லில் சில மில்லிகிராம். கண்ணுக்கும் தெரியாது, காசுக்கும் ஆகாது. அது ஒரே இடத்தில் சேர வேண்டுமானால் யாராவது பொறுக்கிக் கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்வது சூடான நீர். கடலடியில் உறைந்த குழம்பு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், குளோரைட் போன்ற நீர் கொண்ட கனிமங்களாக. அந்தப் பாறை புதைந்து ஐந்நூறு பாகைப் பக்கம் சூடாகும்போது அக்கனிமங்கள் உடைந்து நீர் வெளியேறும். பைரைட்டிலிருந்து கந்தகமும் பிரியும். கந்தகத்தோடு கைகோத்துத் தங்கம் அந்த நீரில் கரைந்து, பாறையின் வெடிப்புகள் வழியே மேலே ஏறும். போகிற வழியில் இரும்பு நிறைந்த பாறையைச் சந்தித்தால் கந்தகத்தை இரும்பு பிடுங்கிக்கொள்ளும். துணையை இழந்த தங்கம் படிந்துவிடும். கோலாரின் வெண்கல் நரம்புகள் அப்படி உண்டானவை. 120 வருடத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் அங்கிருந்து வந்தது.

எங்கள் பாறைகள் ஐந்நூறு பாகையோடு நிற்கவில்லை. எண்ணூறு, தொள்ளாயிரம், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல் வெந்தன. தண்ணீரும் கந்தகமும் அதற்கு வெகுமுன்பே கிளம்பியிருக்கும். அவை தங்கத்தைக் கொண்டுபோயிருந்தால் மேல்தட்டில்தான் இறக்கி வைத்திருக்கும். அந்த மேல்தட்டு, நம் தலைக்கு மேலே இருந்த இருபத்தைந்து கிலோமீற்றர் பாறை, கோடிக்கணக்கான வருட மழையில் அரிந்து கடலுக்குப் போய்விட்டது. அதே வெப்பம்தான் அலுமினியம் மிகுந்த பாறைகளில் நீலக்கல்லையும் ஸ்பைனலையும் விளையவைத்தது. பொகவந்தலாவையில் தேயிலைக்குப் பக்கத்திலேயே ‘இல்லம்’ என்ற மாணிக்கச் சரளையைத் தோண்டிக் கழுவி மாணிக்கம் தேடுகிறார்களே, அது இந்த வெப்பத்தின் பிள்ளை.

“அப்ப இங்க எரிமலை இருந்திச்சா அக்கா?” என்றான் ஒருவன். இன்றைக்கு இலங்கையில் எரிமலை இல்லை. பழைய எரிமலையின் வடிவம் இருந்தாலும் அவ்வளவு வெப்பத்தில் மாவுபோலப் பிசைபட்டு அழிந்திருக்கும். ஆனால் சில மூலகங்கள் பிடிவாதமானவை. சோடியம், பொட்டாசியம், ருபீடியம், பேரியம் எல்லாம் சூட்டுநீர் வந்தால் அதோடு போய்விடும். டைட்டானியம், சிர்கோனியம், நையோபியம், அப்புறம் அருமண் மூலகங்கள் என்ற ஒரே குணமுள்ள உலோகக் கூட்டம், இவை லேசில் அசையாது. பலமுறை துவைத்த சேலையில் சாயம் போயிருக்கலாம், நெசவைத் தடவிப் பார்த்து எந்தத் தறி என்று சொல்லிவிடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி. கோலாரில் அதைத்தான் செய்தார்கள். பட்டையின் மேற்குப் பக்கக் குழம்பும் கிழக்குப் பக்கக் குழம்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அருமண் மூலகங்களும் ஈயத்தின் சமதானிகளும் (எடையில் மட்டும் வேறுபடும் ஈய அணுக்கள்) வேறு வேறு பிறப்பைக் காட்டின. ராஜாமணி, பாலகிருஷ்ணன், குரோக்ஸ்டாட், ஹான்சன், முகோபாத்யாய் ஆகியோர் 1989 இல் சயன்ஸ் இதழில், இரு வேறு நிலத்துண்டுகள் சுமார் 250 கோடி வருடங்களுக்கு முன் மோதி ஒட்டிய தையல்தான் கோலார் பட்டை என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரையை முதலில் வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மா எல்லாருக்கும் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மழை நிற்கவில்லை.

நாள் 5

கிடைத்துவிட்டது!

பெரியப்பா தானே வருகிறேன் என்று இரும்பு அலவாங்கையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஓடை வடிந்திருந்தது. நேற்று முன்தினம் நாங்கள் நின்று பார்த்த இடத்திலிருந்து முப்பது அடிகூட இருக்காது, ஒரு பெரிய பன்னம் புதருக்குக் கீழே. புதரை ஒதுக்கியதும் வெளிர் நிறப் பாறைக்கு நடுவே கறுப்பு வரி, ஒன்றரை மீற்றர் அகலம். அதன் ஓரத்தில் ஒரு சாண் இடைவெளியில் ஐந்து உளிக்குழிகள், பாசி பிடித்து. பெரியப்பா குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு குழியிலும் விரலை விட்டுப் பார்த்தார். “ஆறாவது குழி போட்டப்பத்தான் கல்லு வுட்டுச்சு. அந்தக் குழி அம்மியோட போயிருச்சு.” வீட்டுக்கு வந்து பார்த்தோம். அம்மியின் பின்பக்கம், சுவரை ஒட்டிய மூலையில், பாதிக் குழி இருந்தது.

ஓடையில் இரண்டு மணி நேரம் வேலை. கறுப்பு வரி, பக்கத்துப் பாறையின் வரிகளோடு சேர்ந்தே ஓடுகிறது, குறுக்கே வெட்டவில்லை. அது ஒருகாலத்தில் குழம்பாக வழிந்து பரவியதா, வெடிப்புக்குள் புகுந்த சுவர்ப்பாறையா என்பதைத் தீர்மானிக்க இது போதாது. சுவர்ப்பாறையாக இருந்திருந்தாலும் இவ்வளவு நசுக்கலில் வரியோடு வரியாகத் திரும்பியிருக்கும். வேதியியல் எந்த வகைக் குழம்பு என்று சொல்லும். எங்கே உறைந்தது என்பதைக் களம்தான் சொல்ல வேண்டும். ஆகவே வரி எவ்வளவு தூரம் போகிறது என்று பின்தொடர்வது முக்கியம்.

தம்பிக்கு போனில் திசைகாட்டி பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். வரி ஓடும் திசைக்குப் போனை ஒட்டி, மட்டமாகப் பிடிக்க வேண்டும். சம்மட்டி, அலவாங்கு, ஓட்டோ எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, முள் ஏமாற்றும். மூன்று இடத்தில் பார்த்தான். 340, 338, 341. வடக்கு வடமேற்கு.

மாதிரி எடுப்பதில் நான் கறார். செம்மண் படிந்த தோல் முழுவதையும் தட்டி எடுத்தோம். அது ஒட்டியிருந்தால் மழைநீர் கழுவிய கணக்குத்தான் கிடைக்கும், பாறையின் கணக்கு கிடைக்காது. கார்னெட் கூட்டமாக இருந்த இடத்தையும் தவிர்த்தேன். கார்னெட், இற்றியம் என்ற மூலகத்தையும் கனமான அருமண் மூலகங்களையும் வயிறு முட்டச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதை அள்ளிப் போட்டால் முழுப் பாறையும் பணக்காரனாகத் தெரியும். இன்னொன்று, இவ்வளவு வெந்த பாறையில் யுரேனியமும் ருபீடியமும், சில வேளை தோரியமும்கூடப் போயிருக்கும். கோலாரில் நான் நம்பிப் பயன்படுத்தும் சில விகிதங்களை இங்கே அப்படியே போட முடியாது. பொடியாக்கும்போது டங்ஸ்டன் காபைட் அரைவை வேண்டாம், அகேட் உரல்தான் வேண்டும். டங்ஸ்டன் அரைவையிலிருந்து டான்டலமும் கோபால்ட்டும் கல்லுக்குள் ஏறிவிடும்.

மெக்னீசியம் ஒக்சைட்டு எவ்வளவு வரும் என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. 18 வீதத்துக்கு மேல் வந்தால் கொமட்டைட், தென்னாபிரிக்காவின் கொமாட்டி ஆற்றின் பெயர் கொண்டது, 1600 பாகைச் சூட்டில் வழிந்த பழங்காலக் குழம்பு. கோலாரில் அந்தச் சாயல் கொண்டவை உண்டு. நம் அம்மி அவ்வளவு போகாது. இத்தனை பெல்ட்ஸ்பார் இருக்கும் கல் சாதாரண பசால்ட் கலவையாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். வளையத்துக்கு உள்ளிருக்கும் சேதி அதனால் குறைந்துவிடப் போவதில்லை.

நாள் 6

காலையில் மூட்டை கட்டினேன். கல் மாதிரியை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, கொண்டுபோகவும் எனக்கு மனமில்லை. இரண்டு பை, ஒவ்வொன்றும் மூன்று கிலோ, எண் போட்டு, இடம் குறித்து, பேராதனையில் புவியியல் படிக்கும் தோழியிடம் தம்பி சேர்ப்பான். முதலில் மெல்லிய சீவல் வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பாள். மற்றது அப்புறம்.

கோலார்க் கல்லை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அம்மா அதை அரிசி வாளி மூடியின்மேல் வைத்திருக்கிறார், எலி மூடியைத் தள்ளாமல் இருக்க. “நல்ல கனம்” என்றார். நேற்று ராத்திரி அடுத்த வீட்டு அத்தையிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது: “தங்கம் இல்லக்கா, தங்கம் வந்த கல்லு. எங்க அம்மி வேற ஊருக் கல்லு, இது வேற ஊருக் கல்லு. பாத்தா ஒண்ணுபோலத்தான் இருக்கும்.”

ரயில் ஹட்டன் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தபோது தம்பியிடமிருந்து அழைப்பு. பின்னால் தண்ணீர்ச் சத்தம்.

“அக்கா, ஓடைக்கு அந்தப் பக்கம் ஏறிட்டேன். ஆறாம் நம்பர் மலையில, மேட்டுக்கு மேல, அதே கறுப்பு. சிவப்புப் புள்ளி இருக்கு. வெள்ள வளையமும் இருக்கு.”

“திசை பார்த்தியா?”

“பார்த்தேன். 336.”

“ஓட்டோ எங்க நிக்குது?”

“கீழ, ரோட்டுல. அலவாங்கையும் அங்கதான் வச்சிருக்கேன்.”

குறித்துக்கொண்டேன்.